நாளுக்கு இரண்டு பக்கம்: எஸ். இ. ஹின்டனின் எழுத்து வாழ்க்கை

டல்சா, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் எண்ணெய் நகரம். அங்கே வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் 1966-ல் படிப்பை முடித்த ஒரு மாணவிக்கு, பட்டமளிப்பு நாளன்றே நியூயார்க்கின் வைக்கிங் பதிப்பகத்திலிருந்து ஒப்பந்தம் கைக்கு வந்தது. அவருடைய நாவலை வெளியிடச் சம்மதித்திருந்தார்கள். அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த வருடத்தில், பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்துக்கு அவர் வாங்கியது ‘டி’ கிரேடு.

நாவலின் பெயர் ‘தி அவுட்சைடர்ஸ்’. எழுதியவர் சூசன் எலோயிஸ் ஹின்டன். 1967 ஏப்ரல் 24-ம் தேதி புத்தகம் வெளிவந்தது. இதுவரை 1.5 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதும் நாவலை ‘யங் அடல்ட்’ என்பார்கள். இளையோர் நாவல் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை இன்றைய முகத்தோடு தொடங்கியது இந்தப் புத்தகத்தில்தான் என்று சொல்கிற நூலகர்களும் ஆய்வாளர்களும் நிறையப் பேர்.

சரி, இவ்வளவு பெயர் எடுத்தவர் எத்தனை இளையோர் நாவல் எழுதியிருப்பார்? மொத்தமே ஐந்து. 1967, 1971, 1975, 1979, 1988. அதற்குப் பிறகு அந்த வகையில் ஒன்றுகூட இல்லை. ஐந்து புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயர் அரை நூற்றாண்டுக்கு மேல் எப்படி நிற்கிறது? இந்த ஆய்வு அதைப் பற்றியது. எனக்குத் தோன்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியது ஹின்டன். அந்த எழுத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் வகுப்பு ஆசிரியர்கள், பள்ளி நூலகர்கள், கிழிந்த அட்டையோடு புத்தகத்தைக் கைமாற்றிக்கொண்ட பிள்ளைகள்.

அடிவாங்கிய நண்பன்

ஹின்டன் 1948-ல் பிறந்தவர். டல்சாவின் வசதி குறைந்த வடக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அவர் படித்த பள்ளியில் பிள்ளைகள் கட்சி கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு பக்கம் தலையில் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு திரிந்த ஏழை வீட்டுப் பையன்கள், ‘கிரீசர்’கள். மறுபக்கம் கார் வைத்திருந்த பணக்கார வீட்டுப் பையன்கள், ‘சோஷ்’கள். வேறு கட்சிக்காரனோடு நின்று பேசினாலே கூட இருப்பவர்கள் முறைக்கும் நிலை.

ஒருநாள் ஹின்டனின் நண்பன் ஒருவனை, வீட்டுக்கு நடந்து போகும்போது வழிமறித்து அடித்துப் போட்டுவிட்டார்கள். அவன் கிரீசர் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து ஹின்டன் எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. முதல் வரைவு ஏறக்குறைய நாற்பது பக்கம். பிறகு அதையே திரும்பத் திரும்ப எழுதினார். பெரும்பகுதியை எழுதி முடித்தபோது வயது பதினாறு.

அதே காலத்தில் வீட்டில் அவருடைய அப்பா மூளைக் கட்டியால் படுத்திருந்தார். மகள் பள்ளியை முடிப்பதற்கு முன்பே இறந்துபோனார். இதைப் பற்றி ஹின்டன் அதிகம் பேசியதில்லை. ஆனால் ‘தி அவுட்சைடர்ஸ்’ தொடங்கும்போதே அந்த வீட்டின் அப்பாவும் அம்மாவும் கார் விபத்தில் போய்விட்டிருக்கிறார்கள். இருபது வயது டேரி, பதினாறு வயது சோடாபாப், பதினான்கு வயது போனிபாய், மூன்று அண்ணன் தம்பிகள் மட்டும் மிச்சம். பெரியவன் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறான். வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் அரசாங்கம் தம்பிகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடும் என்ற பயம் எந்நேரமும் இருக்கிறது. அந்தப் பயம் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது என்று யோசிக்காமல் என்னால் படிக்க முடியவில்லை.

வேறொரு காரணமும் உண்டு, அதை ஹின்டனே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் வயதுப் பிள்ளைகளுக்கென்று நூலகத்தில் இருந்ததெல்லாம் பள்ளி நடன விழாவுக்கு யாரோடு போவது என்று கவலைப்படும் பெண்களின் கதைகள், இல்லாவிட்டால் குதிரைக் கதைகள். குதிரை என்றால் அவருக்கு உயிர், அதைப் படித்துத் தீர்த்துவிட்டார். தான் தினமும் பார்த்த சண்டையும் சிகரெட்டும் குடிகார அப்பாக்களும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. படிக்க வேண்டிய புத்தகம் இல்லாததால் எழுதினார்.

கையெழுத்துப் பிரதி வெளியே போனதும் தற்செயல்தான். பள்ளிச் சிநேகிதி ஒருத்தியின் அம்மா குழந்தைகளுக்கு எழுதுகிறவர். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஏஜென்டுக்கு வழிகாட்டினார். பதிப்பகம் ஒரு யோசனை சொன்னது. பையன்களின் தெருச்சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள், அதனால் அட்டையில் முழுப் பெயர் வேண்டாம். அப்படித்தான் சூசன் எலோயிஸ், எஸ். இ. ஆனார். நம் பக்கம் இனிஷியல் என்றால் அப்பா பெயரைச் சொல்வது. அங்கே அது ஒரு பெண்ணின் இரண்டு பெயர்களையும் மறைக்கும் திரை. வெகுகாலம் வாசகர்கள் ‘மிஸ்டர் ஹின்டன்’ என்றே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சி கிரேடு வேண்டுமானால் ஒரு கட்டுரை

நாவலுக்குள் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கதை முடிகிற இடத்தில் போனிபாய் மனம் உடைந்து படிப்பைக் கோட்டைவிடுகிறான். அவனுடைய ஆங்கில ஆசிரியர் அவனைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: உன் மதிப்பெண்ணுக்கு நான் உன்னை ஃபெயிலாக்க வேண்டும். ஆனால் நல்ல கட்டுரை ஒன்று எழுதிக் கொடுத்தால் ‘சி’ போட்டு அனுப்புகிறேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பையன், செத்துப்போன நண்பன் விட்டுச்சென்ற கடிதத்தைப் படிக்கிறான். பேனாவை எடுக்கிறான். அவன் எழுதும் முதல் வரிதான் நாவலின் முதல் வரி. நாம் இத்தனை நேரம் படித்தது முழுக்க அந்தப் பள்ளிக் கட்டுரை.

இதை எழுதும்போது ஹின்டனின் சொந்த ரிப்போர்ட் கார்டில் இருந்த ‘டி’யை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் அவரால் எழுத முடியாமல் போனதற்குக் காரணம், வீட்டில் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தது. கதைக்குள் ஒரு நல்ல ஆசிரியரை உருவாக்கி, ஃபெயிலாகப் போகும் ஒரு பையனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்க வைத்தார். வகுப்பறைகள் இந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டதற்கு இந்தக் கடைசி அத்தியாயம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எழுதவே வராது என்று நம்பும் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரும்போது, தன்னைப் போன்ற ஒருவனின் கட்டுரையைத்தான் அவன் முழுசாகப் படித்து முடித்திருக்கிறான்.

விற்பனை எடுத்த எடுப்பில் பெரிதாக இல்லை. மலிவுப் பதிப்பு பெரியவர்கள் வாங்கும் புத்தகங்களோடு சேர்த்து மருந்துக்கடை ஸ்டாண்டுகளில் வைக்கப்பட்டபோது நகரவில்லை. பள்ளிகளிலிருந்து மட்டும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. ஆசிரியர்கள் வகுப்புக்கு மொத்தமாக வாங்குகிறார்கள் என்று பதிப்பகத்துக்குப் பிறகுதான் உறைத்தது. பதின்வயதினருக்கென்று தனிச் சந்தை இருக்கிறது என்பதைப் பதிப்புலகம் உணர்ந்துகொண்ட இடங்களில் இது ஒன்று. இதே வருடங்களில் வேறு சிலரும் இந்தப் பாதையில் எழுதினார்கள், 1967-ல் ராபர்ட் லிப்சைட், 1968-ல் பால் ஜின்டெல். ஆனால் அவர்கள் பெரியவர்கள். பதின்வயதைப் பதின்வயதிலேயே எழுதியவர் ஹின்டன்.

எழுத்து நின்ற காலம்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் நாடு முழுக்கப் பெயர் தெரிந்துவிட்டது. ‘நியூயார்க் டைம்ஸ்’ புத்தக இதழில் பதின்வயதினருக்கு உண்மையான கதைகள் வேண்டும் என்று கட்டுரை எழுதினார். பத்திரிகைகள் ‘இளைஞர்களின் குரல்’ என்றன. அவ்வளவுதான், கை நின்றுவிட்டது.

டல்சா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்கான படிப்பில் சேர்ந்திருந்தார். பயிற்சிக்காக வகுப்பெடுத்துப் பார்த்தபோது, வீட்டுக்கு வந்தும் அந்தப் பிள்ளைகளைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இது நமக்கு ஆகாது என்று ஆசிரியர் வேலை ஆசையை விட்டார். எழுத்தும் இல்லை. மூன்று நான்கு வருடம் ஒரு வரி எழுத முடியாமல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். முதல் புத்தகத்தை யாரும் படிக்கப் போவதில்லை என்ற நினைப்பில் எழுதினார். இரண்டாவதை எழுத உட்காரும்போது எல்லோரும் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல இருந்திருக்கும்.

அப்போது அவர் காதலித்துக்கொண்டிருந்தவர் டேவிட் இன்ஹோஃப், பிறகு கணவர். அவர் ஒரு நிபந்தனை போட்டார். தினமும் இரண்டு பக்கம் எழுதினால்தான் மாலையில் வெளியே கூட்டிப் போவேன். ஹின்டன் எழுதினார். நாளுக்கு இரண்டு பக்கம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிதானமாக வைத்தார். சில மாதங்களில் பக்கங்கள் அடுக்காகச் சேர்ந்திருந்தன. 1970-ல் திருமணம், 1971-ல் ‘தட் வாஸ் தென், திஸ் இஸ் நௌ’.

இந்த இரண்டு பக்கக் கதையை இனிமையான காதல் கதையாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. முதல் நாவல் பொங்கி வந்தது. நீளமாகப் பேசும், அழும், சில இடங்களில் மிகையாகவும் போகும். இரண்டாவது நாவல் வற்றிக் காய்ந்து இறுகியிருக்கிறது. சொந்தத் தம்பி போல வீட்டில் வளர்ந்த மார்க் போதை மாத்திரை விற்கிறான் என்று தெரிந்ததும் பிரையன் போலீசுக்கு போன் செய்கிறான். செய்தது சரியா தப்பா என்று கதை கடைசிவரை சொல்லவில்லை. ஆறுதலும் இல்லை. முதல் நாவலில் சாய்ந்துகொள்ள இருந்த தோள் இதில் இல்லை. இந்தக் கட்டுப்பாடு அந்த இரண்டு பக்க அளவிலிருந்து வந்தது என்றே நம்புகிறேன். எழுத்தை உணர்ச்சி வந்தால் செய்கிற காரியம் என்ற நிலையிலிருந்து, தினசரி வேலையாக அவர் மாற்றிக்கொண்டது இங்கேதான்.

அடுத்து 1975-ல் ‘ரம்பிள் ஃபிஷ்’. 1968-லேயே டல்சா பல்கலைக்கழக இதழான ‘நிம்ராட்’டில் சிறுகதையாக வந்த கரு அது. போனிபாய் நிறையப் படிக்கிறவன், கவிதை சொல்கிறவன், அவன் வாயில் நல்ல வாக்கியங்களைப் போடுவது எளிது. இதில் ரஸ்டி ஜேம்ஸ் மந்தமானவன், வார்த்தை வராதவன், அண்ணனைப் போல ஆகவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லாதவன். அவன் புரிந்துகொள்ளாததையும் வாசகர் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். ஹின்டன் வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட சோதனை இது. விமர்சனங்கள் கலவையாக வந்தன. 1979-ல் ‘டெக்ஸ்’. ஊர்ப்புறத்தில் தனியாக வாழும் அண்ணன் தம்பி, ஒரு குதிரை, எப்போதாவது தலைகாட்டும் அப்பா. நான்கில் நிதானமானது இதுதான், என் கணக்கில் சிறந்ததும் இதுதான்.

ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு கடிதம்

1980 மார்ச் மாதம். கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் லோன் ஸ்டார் என்ற சின்னப் பள்ளி. அங்கே நூலகர் ஜோ எலன் மிசாகியன். வேறு எந்தப் புத்தகத்தையும் தொடாத ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்கள் ‘தி அவுட்சைடர்ஸ்’ஸை மட்டும் மாறி மாறி எடுத்துப் போவதை அவர் கவனித்திருந்தார். பிள்ளைகளுக்கு இது சினிமாவாக வரவேண்டும் என்று ஆசை. யாருக்கு எழுதுவது? குதிரையும் சிறுவனும் வரும் ‘தி பிளாக் ஸ்டாலியன்’ படத்தைத் தயாரித்தவர் என்பதால் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘காட்ஃபாதர்’ எடுத்தவர் என்று பார்த்து அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கையெழுத்திட்ட மனு, கூடவே நாவலின் ஒரு மலிவுப் பதிப்பு. உறையில் போட்டு அனுப்பினார்கள்.

முகவரி தவறு. கடிதம் பாரமவுண்ட் நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்துக்குப் போனது. கலிபோர்னியாவுக்குப் போயிருந்தால் வந்து குவியும் கடிதங்களில் காணாமல் போயிருக்கும். நியூயார்க்கில் கொப்பலாவுக்கு வரும் தபால் குறைவு, கண்ணில் பட்டுவிட்டது. அவர் தன் தயாரிப்பாளர் ஃப்ரெட் ரூஸிடம் கொடுத்தார். ரூஸுக்கு அட்டையே பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஒருநாள் விமானத்தில் போகும்போது, பிள்ளைகள் இவ்வளவு ஆசையாக அனுப்பியிருக்கிறார்களே, பத்துப் பக்கம் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று திறந்தார். முடித்துவிட்டுத்தான் மூடினார்.

1982-ல் டல்சாவிலேயே படப்பிடிப்பு. அப்போது கொப்பலா பெரும் கடனில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தைக் கொட்டி எடுத்த முந்தைய படம் விழுந்திருந்தது. நடித்தவர்கள் சி. தாமஸ் ஹாவெல், ரால்ஃப் மாச்சியோ, மேட் டில்லன், பாட்ரிக் ஸ்வேஸி, ராப் லோ, எமிலியோ எஸ்டவெஸ், டாம் க்ரூஸ். அன்று பலரும் பெயர் தெரியாத பையன்கள். ஹின்டன் தினமும் படப்பிடிப்பில் இருந்தார், அந்தப் பையன்களை அக்கா மாதிரி பார்த்துக்கொண்டார், நர்ஸாக ஒரு காட்சியிலும் தலைகாட்டினார். அதே ஊரில் அதே ஆண்டு கொப்பலாவும் அவரும் சேர்ந்து ‘ரம்பிள் ஃபிஷ்’ திரைக்கதையையும் எழுதினார்கள். அதைக் கொப்பலா கறுப்பு வெள்ளையில் எடுத்தார், மீன்களுக்கு மட்டும் வண்ணம். இரண்டு படங்களும் 1983-ல் வெளிவந்தன. ‘டெக்ஸ்’ 1982-லேயே டிஸ்னி தயாரிப்பாக வந்துவிட்டது. 1985-ல் மிச்சமிருந்த நாவலும் படமானது. எழுதிய நான்கும் நான்கு வருடத்தில் திரைக்கு வந்தன.

‘தி அவுட்சைடர்ஸ்’ படத்தில், இதை எடுக்கச் சொல்லி முதலில் கேட்டவர்கள் என்று லோன் ஸ்டார் பள்ளி நூலகருக்கும் மாணவர்களுக்கும் நன்றியோடு காணிக்கை போட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட கை யாருடையது என்று இவ்வளவு தெளிவாகத் திரையில் எழுதிவைத்த வேறு படம் எனக்கு நினைவில் இல்லை.

சொல்லாமல் விட்டவை

புத்தகத்துக்கு எதிர்ப்பும் உண்டு. குடி, சிகரெட், கத்திக்குத்து, கேட்பாரற்ற வீடுகள் என்று பெற்றோர் புகார் செய்தார்கள். 1990-களில் அமெரிக்காவில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட 100 புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் ‘தி அவுட்சைடர்ஸ்’ இருக்கிறது. இந்தப் புகாரில் எனக்கு மரியாதை இல்லை. பிள்ளைகள் அந்த வீடுகளில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. டல்சா 1921-ல் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் வெள்ளையர் கும்பல் கொளுத்திய ஊர். ஹின்டன் பள்ளியில் படித்த காலத்திலும் நகரம் நிறத்தால் பிரிந்துதான் கிடந்தது. ஊரின் பிளவைப் பற்றியே எழுதிய நாவலில் அந்தப் பிளவு இல்லை. ஏழை வெள்ளைப் பையனும் பணக்கார வெள்ளைப் பையனும் மோதிக்கொள்கிறார்கள், அதற்கு அப்பால் நகரமே இல்லாதது போல. தான் பார்த்ததை எழுதிய பதினாறு வயதுப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரைப் பார்க்கவிடாமல் அந்த ஊர் எதை ஒளித்துவைத்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இன்று இந்த நாவலை வகுப்பில் படிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் இந்த நாவல் இசை நாடகமாக அரங்கேறி, அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றபோது, கிரீசர்களில் ஒருவனான டேலி பாத்திரத்தில் நடித்தவர் ஜோஷுவா பூன் என்ற கறுப்பின நடிகர். மேடை அந்த இடைவெளியைக் கொஞ்சம் திறந்துவிட்டது.

பெண்கள் ஏன் கதை சொல்வதில்லை என்ற கேள்வியும் அவரைத் துரத்தியிருக்கிறது. தன் நெருங்கிய நண்பர்கள் பையன்கள், அந்தக் குரல்தான் தனக்கு இயல்பாக வந்தது என்பார். ஐந்து நாவலிலும் நடுவில் நிற்பது ஒரு பையன்தான்.

1988

அந்த ஆண்டு இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு, வாழ்நாள் பங்களிப்புக்காக மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதைத் தொடங்கியது. எட்வர்ட்ஸ் பால்டிமோரில் பதின்வயதினருக்கென்றே உழைத்த நூலகர். முதல் விருது ஹின்டனுக்கு. நாற்பது வயதில், நான்கு புத்தகங்களுக்கு, வாழ்நாள் விருது. கொடுத்தவர்கள் நூலகர்கள் என்பது தற்செயல் இல்லை.

அதே ஆண்டு ஐந்தாவது நாவல், ‘டேமிங் தி ஸ்டார் ரன்னர்’. முந்தைய நாவலுக்கும் இதற்கும் ஒன்பது வருட இடைவெளி. இடையில் குழந்தை பிறந்திருந்தது. இதில் டிராவிஸ் என்ற பதின்வயதுப் பையன் வீட்டில் சண்டை போட்டு, குதிரைகள் இருக்கும் அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். அவன் ஒரு நாவல் எழுதிவைத்திருக்கிறான், பதிப்பகம் அதை ஏற்றுக்கொள்கிறது. முதன்முறையாக ஹின்டன் ‘நான்’ என்று எழுதாமல் ‘அவன்’ என்று எழுதினார். பதினாறு வயதில் புத்தகம் எழுதிய தன்னையே, இருபது வருடம் கழித்து, தள்ளி நின்று பார்த்தார். இளையோருக்கான எழுத்தை அவர் முடித்துக்கொண்டது அங்கே. பிறகு 1995-ல் சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு புத்தகங்கள், 2004-ல் பெரியவர்களுக்கு ‘ஹாக்ஸ் ஹார்பர்’, 2007-ல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. இன்னும் டல்சாவிலேயே இருக்கிறார். ‘தி அவுட்சைடர்ஸ்’ படத்தில் போனிபாயும் அண்ணன்களும் வாழும் வீடாக வந்த சிதிலமான வீட்டை, டேனி ஓ’கானர் என்ற ராப் கலைஞர் 2016-ல் வாங்கிப் பழுதுபார்த்தார். 2019-ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. பள்ளி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

1983-ல் வந்த படம் ஒன்றரை மணி நேரம்தான். நீளம் கருதி நிறையக் காட்சிகளை வெட்டியிருந்தார்கள். புத்தகத்தை வகுப்பில் படித்துவிட்டுப் படம் பார்த்த பிள்ளைகள், அந்தக் காட்சி எங்கே, இந்தக் காட்சி எங்கே என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2005-ல் கொப்பலா 22 நிமிடத்தைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டார். அப்படித் திரும்பி வந்தவற்றில் ஒன்று நாவலின் தொடக்கம். சினிமா பார்த்துவிட்டு இருட்டிலிருந்து வெயிலுக்கு வரும் போனிபாய் தனியாக வீட்டுக்கு நடக்கிறான். பின்னால் ஒரு கார் மெதுவாக வருகிறது. பையன்கள் சிலர் இறங்குகிறார்கள். டல்சா தெருவில் ஹின்டனின் நண்பனை வழிமறித்தது போலவே, இவனையும் வழிமறிக்கிறார்கள்.